சத்தம் போடாத பெட்டி ஒன்று

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் போன மாதம் கொம்பியூட்டர் ஒன்று பூட்டி எடுத்தேன். வீணை பதிவு செய்வதற்கு. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நல்லதும் கெட்டதும் கலந்து சொல்லவேண்டியிருக்கிறது. கெட்டதை மட்டும் வெட்டியெடுத்து யாராவது சுற்றுக்கு விட்டால் அங்கே வேலை செய்யும் பெடியனுக்குத்தான் திண்டாட்டம்.

வெள்ளவத்தையில் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப்பேர் இங்கே, மீதிப்பேர் டொரன்டோவிலும் லண்டனிலும். தூரத்துப் பிள்ளைகளுக்குப் பாடத்தைப் பதிந்து அனுப்புவேன். சுருதியும் தாளமும் ஒரு தடத்தில், அதன்மேல் வீணை இன்னொரு தடத்தில். வீணைத் தடத்தை நிறுத்திவிட்டு அவர்கள் தாங்களே வாசித்துப் பழகலாம். இவ்வளவு காலமும் இதை ஒரு பழைய லப்டொப் சுமந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்தபோதும் பற்றரியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது. இந்த வருடம் அந்தப் பற்றரி வீங்கி, விசைப்பலகையை மேலே தள்ளிவிட்டது. அதோடு சரி.

கடையில் நின்ற தம்பி முதலில் கேட்டது, "மகன் என்ன கேம் விளையாடுறவர், அன்ரி?" எனக்கு மகனே இல்லை. "தம்பி, எனக்குச் சத்தம் போடாத பெட்டி வேணும்" என்றேன். அவர் உடனே ஸ்பீக்கர்களைக் காட்டத் தொடங்கினார். மைக்குக்கு முன்னால் வைக்கிற பெட்டி, அதன் காற்றாடி இரையக்கூடாது என்று விளக்கிச் சொல்லக் கால் மணித்தியாலம் போனது. ஆனால் புரிந்த பிறகு ஆள் சூரன். கிராபிக்ஸ் கார்ட் வேண்டாம், அதிலேயே இரண்டு காற்றாடி சுழலும் என்று அவராகவே வெட்டிவிட்டார். ஐ5 12400 பிராசஸர் (திரைக்கான வசதி அதற்குள்ளேயே இருக்கிறது), 16 ஜிபி ரம், 500 ஜிபி எஸ்எஸ்டி. பிராசஸரோடு வரும் சின்னக் காற்றாடிக்குப் பதிலாகக் கைமுட்டி அளவில் ஒரு பெரிய கூலர். பெரிய காற்றாடி மெதுவாகச் சுற்றினாலே போதும், அதனால்தான் சத்தம் குறைவு. மூன்று நிறத்தில் மின்னுகிற கண்ணாடிப் பெட்டியை மட்டும் தலையில் கட்டப் பார்த்தார். கோயில் திருவிழாவுக்கு எடுக்கிறேன் என்றால் சரி, என்றேன். சிரித்துவிட்டு மூலையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார். திரை இல்லாமல் ஒன்றே முக்கால் இலட்சத்துக்குச் சற்றுக் கீழே முடிந்தது. விலை கேட்கும்போதே வற் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம், கடைசியில் வந்து விழுந்தால் வயிறு எரியும்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று இரவே கனெக்ஷன் கொடுத்தேன். காற்றாடிச் சத்தம் உண்மையிலேயே இல்லை. ஆனால் ஹெட்ஃபோனைப் போட்டால் ஓர் இரைச்சல். தட்டையான, விடாத "ம்ம்ம்". இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ்தான் பெரும்பாலும் காதில் விழும். அது ஐந்து கட்டைக்கு (கட்டை என்பது சுருதியின் அளவு) கொஞ்சம் மேலே நிற்கிற ஸ்வரம். என் வீணை மூன்று கட்டை. அதாவது அந்த இரைச்சல் என் சுருதிக்கு, சற்றே ஏறிப்போன சாதாரண காந்தாரம். நான் கல்யாணி ராகம் வாசிக்கிறேன், அதைவிட ஒரு படி உயர்ந்த அந்தர காந்தாரத்தில் நின்று கமகம் கொடுக்கிறேன், பக்கத்தில் இந்தக் கள்ளக் காந்தாரம் மூச்சு விடாமல் முனகுகிறது. சரி, சாதாரண காந்தாரமே வருகிற தோடி வாசிக்கலாம் என்றால், இது சற்றே ஏறி நிற்பதால் அதற்கும் சுருதி சேரவில்லை.

மறுநாள் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "சவுண்ட் கார்டு பழசு அன்ரி, மாத்துங்கோ" என்றார்கள். அவர்கள் சொன்னது மைக்கைக் கொம்பியூட்டரோடு இணைக்கிற சின்னக் கருவியை. என்னிடமிருப்பது போகஸ்ரைட் ஸ்கார்லட் சோலோ, மூன்றாம் தலைமுறை. பழைய லப்டொப்பில் பற்றரியில் ஓடும்போது இப்படி ஒரு நாளும் முனகியதில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே கேட்டிருந்தால் வீணாக ஒரு தொகை கரைந்திருக்கும். தற்செயலாகப் பெட்டியின் பின்பக்க இரும்பைத் தொட்டபோது விரலில் சுள்ளென்றது. அப்போதுதான் விளங்கியது. எங்கள் தொடர்மாடி பழையது. அந்த அறையில் உருண்டை முள் பிளக் பொயின்ட். கடை தந்ததோ சதுர முள் வயர். இரண்டுக்கும் நடுவே நான் செருகியிருந்த மலிவு அடாப்டரில் எர்த் இணைப்பே கிடையாது. வயரிங் வேலை செய்யும் அண்ணை வந்து எர்த்தோடு ஒரு சதுர பொயின்ட் அடித்துக் கொடுத்தார். காந்தாரம் போய்விட்டது. கைபட்டாலும் சுள்ளென்பதில்லை. இதைக் கடைமேல் பழியாகச் சொல்லவில்லை, ஆனால் "வீட்டில் எர்த் இருக்குதா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்புறம் ஒரு "டிக்". சில நொடிக்கு ஒரு தடவை, பூச்சி கடிப்பதுபோல. ஒலியை எது தடுக்கிறது என்று காட்டும், இலவசமாகக் கிடைக்கும் லேட்டன்சிமொன் என்ற செயலியை ஓடவிட்டதில் வைஃபை டிரைவர் சிவப்பில் வந்து நின்றது. பதிவு செய்யும்போது வைஃபையை அணைத்துவிடுகிறேன், டிக் இல்லை. பாட்டுக்கு இணையம் எதற்கு?

இனி வேகம். இதற்காகத்தான் புதுப்பெட்டியே வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய லப்டொப்பில் பஃபரை (ஒலியைச் சற்றுச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு; கூடினால் தாமதமும் கூடும்) 1024க்குக் கீழே இறக்கினால் ஒலி கிழியும். 48 கிலோ ஹெர்ட்ஸில் அது ஒரு பக்கத்துக்கே 21 மில்லி செக்கன். மீட்டுகிற விரலுக்கும் காதுக்கும் நடுவில் அது போய்வர இன்னும் கூடும். இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டிப்பு வேகத்தில் வாசிக்கும்போதே தாளம் வழுக்கும். புதுப்பெட்டியில் 128 வரை இறக்கினேன், அசையவில்லை. மகிழ்ச்சி. ஆனால் ஸ்கார்லட்டின் முகப்பில் "டைரக்ட் மொனிட்டர்" என்று ஒரு சின்ன பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் மைக்கின் ஒலி கொம்பியூட்டருக்குள் போய்வராமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வரும், தாமதமே தெரியாது. பதிவுச் செயலிக்குள் ஒலியைத் திருப்பிக் கேட்கவைக்கும் மொனிட்டர் வசதியை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு மீட்டும் இரண்டாகக் கேட்கும். இத்தனை வருடம் அந்தப் பொத்தானைத் தூசிதான் துடைத்திருக்கிறேன், அழுத்தியதில்லை. பற்றரி மட்டும் வீங்காமல் இருந்திருந்தால் ஒன்றே முக்கால் இலட்சம் இன்னும் என் கையில்.

கடையில் உண்மையாகவே எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. "எல்லாம் போட்டுத் தந்திருக்கிறன் அன்ரி, ஃப்ரீ" என்று தம்பி பெருமையாகச் சொன்னார். திறந்து பார்த்தால் திருட்டுப் பிரதியாக இரண்டு பெரிய இசைச் செயலிகள், அவை வேலை செய்வதற்காக வைரஸ் தடுப்பையும் அணைத்து வைத்திருந்தார்கள். வங்கிக் கணக்குப் பார்க்கும் பெட்டியில் இதையா செய்வது? எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து ஏற்றினேன், ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. நான் பாவிப்பது ரீப்பர் என்ற பதிவுச் செயலி. 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்கலாம், பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு 60 டொலர்.

இன்னொன்று, பில்லில் எட்டு ஜிபி ரம் இரண்டு என்றிருக்கிறது. உள்ளே இருப்பது பதினாறில் ஒன்று. டாஸ்க் மனேஜரில் பார்த்துத்தான் கண்டேன். காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, ஆனாலும் பில் பில்தான். கொண்டுபோய்க் காட்டினேன். வாக்குவாதம் இல்லாமல் அரை மணித்தியாலத்தில் மாற்றித் தந்தார்கள், பெட்டியைக் கீழே ஓட்டோவரை தூக்கிவந்தும் வைத்தார்கள். அந்த மரியாதை குறையவில்லை.

இப்போது பெட்டி மேசைக்குக் கீழே, மைக் அறையின் மறுமூலையில். மைக்குக்குப் பின்னால் பருத்தி மெத்தையைச் சுவரில் சாய்த்திருக்கிறேன். மேலே சுற்றும் ஃபேனை நிறுத்திவிட்டு வாசித்தால் பத்தாவது நிமிடத்தில் வியர்வை விரலிலிருந்து தந்திக்கு இறங்கும். மரைன் டிரைவ் பக்கம் ரயில் போகும் நேரமும், பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ மெட்டுப் போட்டுக்கொண்டு வரும் நேரமும் மனப்பாடம். இரவு பத்தரைக்குப் பிறகு நாற்பது நிமிடம் நல்ல அமைதி கிடைக்கும். 24 பிட்டில் ஒரு தடம் ஒரு மணித்தியாலத்துக்கு 520 எம்பி அளவில் பிடிக்கும், 500 ஜிபி எனக்கு வருடக்கணக்கில் போதும்.

திரை இன்னும் வாங்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் பழைய மொனிட்டரில் ஓடுகிறது. அதே கடைக்குத்தான் போவேன். ஒரு செயலியும் போட்டுத் தரவேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன்.