உல்ஃப்ரிக்கா, டுல்லியஸா: ஸ்கைரிமில் யார் பக்கம் சேர்வது?

ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் வந்தது 2011 நவம்பரில். இத்தனை வருடம் கழித்தும் அதை ஆடிய இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு டிராகன்களைப் பற்றிப் போவதில்லை. "நீ எம்பயரா, ஸ்டார்ம்கிளோக்கா?" என்றுதான் ஆரம்பிக்கும். கேமில் ஸ்கைரிம் என்ற நாட்டை ஆளும் பேரரசு எம்பயர், அங்கே அதன் படைத்தலைவர் ஜெனரல் டுல்லியஸ். அதை எதிர்த்துத் தனிநாடு கேட்டு உல்ஃப்ரிக் நடத்தும் கலகப்படை ஸ்டார்ம்கிளோக். கதையின் முடிவு வரை இங்கே பேசப்போகிறேன். இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள்.

உல்ஃப்ரிக்கின் குறை நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரும் போருக்குப் பிறகு, நான்காம் யுகம் 175-ல் எம்பயர் எல்ஃப்களோடு போட்ட ஒப்பந்தம் டாலோஸ் வழிபாட்டைத் தடை செய்தது. ஸ்கைரிமின் சொந்த மக்களான நார்டுகளின் கடவுளையே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த வருடம் மார்கார்த் நகரை மீட்டுக் கொடுத்தால் அங்கே டாலோஸைக் கும்பிடலாம் என்று உல்ஃப்ரிக்குக்கு வாக்குக் கொடுத்து, அவர் மீட்ட பிறகு, எல்ஃப்களை ஆளும் தால்மோர் கண்ணை உருட்டியதும் அவரையே பிடித்து உள்ளே போட்டார்கள். இப்படி ஏமாற்றப்பட்டவன் கத்தியை எடுப்பதில் என்ன ஆச்சரியம்?

இன்னொரு வலுவான வாதம் ஹேமர்ஃபெல். அந்த நாடு ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. எம்பயர் அதைக் கைகழுவியது. தனியாகவே சண்டை போட்டு, 180-ல் எல்ஃப் படையைத் திரும்பிப் போக வைத்தது. எம்பயர் இல்லாமல் தால்மோரை எதிர்க்க முடியாது என்று ஜெனரல் டுல்லியஸ் பக்கத்து ஆட்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஹேமர்ஃபெல்தான் ஞாபகம் வரும்.

சரி, அப்படியானால் ஸ்டார்ம்கிளோக்கின் நீலச் சட்டையைப் போட்டுவிட வேண்டியதுதானே? உல்ஃப்ரிக்கின் ஊரான விண்ட்ஹெல்ம் வாசலுக்குள் காலை வைக்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உள்ளே நுழைந்ததும் இரண்டு நார்டுகள் ஒரு டார்க் எல்ஃப் (தால்மோர் எல்ஃப்கள் வேறு, இவர்கள் வேறு இனம்) பெண்ணை வழிமறித்து, நீ உளவாளியா என்று மிரட்டிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருவன், உல்ஃப்ரிக்கின் வலதுகையான கால்மரின் சகோதரன். டார்க் எல்ஃப்கள் கிரே குவார்ட்டர் என்ற இடிந்த சந்தில் அடைந்து கிடக்கிறார்கள். பல்லி உருவ மக்களான ஆர்கோனியன்களுக்கு மதிலுக்குள்ளேயே இடமில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கி அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டும். ப்ரன்வுல்ஃப் என்ற பழைய போர்வீரர் அதே ஊரில் இருக்கிறார், அவரும் நார்டுதான். நார்டு கிராமத்தைக் கொள்ளையர் தாக்கினால் உல்ஃப்ரிக் உடனே ஆள் அனுப்புவார், டார்க் எல்ஃப்கள் மாட்டிக்கொண்டால் கண்டுகொள்ள மாட்டார் என்பது அவர் சொல்லும் புகார். எதிரிகள் பரப்பும் வதந்தி என்று இதைத் தள்ள முடியாது. உல்ஃப்ரிக் உட்கார்ந்து ஆளும் ஊர் அது.

உல்ஃப்ரிக் கொன்ற ஸ்கைரிம் மன்னர் டோரிக் விஷயமும் உறுத்துகிறது. அரசவை மந்திரவாதி சிபில்லிடம் பேசிப் பாருங்கள். டோரிக் உல்ஃப்ரிக்கை மதித்தார், தனிநாடு அறிவிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் ஒருவேளை சம்மதித்திருப்பார் என்பார். கேட்காமலேயே கொன்றார் உல்ஃப்ரிக்.

எம்பயரின் யோக்கியதையும் தெரிந்ததுதான். ஆட்டத்தின் தொடக்கத்தில், ஹெல்கனில், மரண தண்டனைப் பட்டியலில் பெயரில்லாத உங்களையும் வெட்டுக்கட்டைக்கு அனுப்பியவர்கள் அவர்கள். ஜெயித்ததும் ரிஃப்டன் நகரைத் தூக்கி மேவன் பிளாக்-பிரையர் கையில் கொடுப்பார்கள். திருடர் கூட்டத்தைக் கைக்குள் வைத்திருக்கும் அந்த அம்மாவே ஜார்ல், அதாவது ஊரை ஆள்பவர்! அந்தப் பக்கம் ஸ்டார்ம்கிளோக் ஜெயித்தால் மார்கார்த், வெள்ளிச் சுரங்கச் சிறையை வைத்திருக்கும் சில்வர்-பிளட் குடும்பத்துக்குப் போகும். ஆளுக்கொரு பணக்காரக் குடும்பம், கணக்குச் சரி.

ஆனால் எம்பயர் ஜெயித்தால் விண்ட்ஹெல்முக்கு ஜார்லாவது அந்த ப்ரன்வுல்ஃப். எனக்கு அது போதும், எம்பயர் பக்கமே சேர்கிறேன். போதாததற்கு, ஸ்டார்ம்கிளோக் பக்கம் போனால் வைட்ரன் நகரைத் தாக்க வேண்டும். உங்களுக்கு தேன் (Thane) என்ற கௌரவப் பட்டம் கொடுத்து, லிடியாவைத் துணைக்கு அனுப்பிய அந்த ஊர் ஜார்ல் பால்க்ருஃபின் மண்டபத்துக்குள்ளேயே வாளோடு ஏறிப் போய் அவரைச் சரணடைய வைப்பது என் கைக்கு வரவில்லை.

தால்மோர் தூதரகத்தில் கிடைக்கும், உல்ஃப்ரிக் பற்றிய கோப்பு ஒன்றைக் காட்டி, உல்ஃப்ரிக் எல்ஃப்களின் கைக்கூலி என்று சாதிப்பவர்கள் உண்டு. கோப்பை முழுசாகப் படித்தால் அந்த வாதம் நிற்காது. ஸ்டார்ம்கிளோக் வெற்றியும் தவிர்க்கப்பட வேண்டியதே என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தால்மோருக்கு வேண்டியது இழுத்துக்கொண்டே போகும் சண்டை. யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு நஷ்டம்தான். அந்தக் கோப்பில் இன்னொன்றும் இருக்கிறது: பெரும் போரில் பிடிபட்ட உல்ஃப்ரிக்கை விசாரித்தது எலன்வென், இன்றைய தூதர்.

எந்தப் பக்கம் போவதானாலும் போரை உடனே முடித்துவிடாதீர்கள். முடித்துவிட்டால் ஹை ஹ்ரோத்கர் என்ற மலைமடத்தில் இரு தரப்பும் பேசும் சமாதானக் கூட்டம் நடக்கவே நடக்காது. முதலில் ஆட்டத்தின் முக்கியக் கதையான மெயின் குவெஸ்ட், அதிலும் தூதரகக் கோப்பைப் படித்துவிட்டுப் போங்கள். எலன்வென் மேஜையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உல்ஃப்ரிக் கொதிப்பார், அவளை இருக்க விடுவதா வெளியேற்றுவதா என்று உங்களைக் கேட்பார்கள். எம்பயர்காரனாக இருந்தும் நான் வெளியே போகத்தான் சொன்னேன்.