டைரியா, நடையா?

வேலை, வீடு, போன் என்று ஓடியபின் தனக்கென்று கால் மணி நேரம் கிடைத்தால் டைரி எழுதுவதா, நடந்துவிட்டு வருவதா என்று பலர் கேட்கிறார்கள்.

செலவு: ஒரு நோட்டும் பேனாவும். நடைக்கு, காலைக் கடிக்காத செருப்பு.

தொடர்வது: நடைதான் எளிது, காய்கறி வாங்கப் போவதையே நடையாக்கலாம். டைரி சீக்கிரமே அலமாரிக்குள் போய்விடும். தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் நிலைக்கும்.

பலன்: இங்கேதான் வித்தியாசம். படபடப்பு உடம்பில் ஏறி நிற்கும்போது நடை உடனே தணிக்கும், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால். ஆனால் கோபம் எதனால் என்பது எழுதும்போதுதான் பிடிபடும். "மேனேஜர் திட்டினார்" என்று தொடங்கினால், நாலாவது வரி "அம்மாவிடம் பேசி எத்தனை நாளாச்சு" என்று போய் நிற்கும். 1986-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் 4 நாள், தினம் 15 நிமிடம் தங்களை வாட்டியதை எழுதினார்கள். எழுதிய உடனே மனம் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது.

சரி, யாருக்கு எது? நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு நடை. ஒரே மனக்குறை திரும்பத் திரும்ப வருகிறவருக்கு டைரி. புதிதாக ஒருவரை இழந்தவர்கள் எழுத அவசரப்பட வேண்டாம், முதலில் நடங்கள்.