கணவருக்கு ஐ-130 போடுகிறீர்களா? எனக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போடுங்கள்

கணவரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ள ஐ-130 என்ற மனுவைக் கொடுத்துவிட்டுப் பதினெட்டு மாதம் காத்திருந்தேன். அதில் கடைசி ஐந்து மாதம், ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டுவிட்ட மனுவுக்காகக் காத்திருந்தேன். அது எனக்குத் தெரியாது. அந்த விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தார். அவர் அதற்குப் பிறகும் என்னிடம் பணம் வாங்கினார்.

நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள், வேலை நியூ ஜெர்சியில். 2021 டிசம்பரில் திருச்சியில் எங்களுக்குத் திருமணம் நடந்தது. அவருக்கு இது இரண்டாவது திருமணம். முதல் திருமணம் 2018லேயே குடும்பநல நீதிமன்றத்தில் முறைப்படி முடிந்துவிட்டது, தீர்ப்பு நகல் கையில் இருந்தது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

பொங்கல் விழாவில் அறிமுகமான ஒரு குடும்பம்தான் மனு போட ஒரு அலுவலகத்தைச் சொன்னது. வருமான வரிக் கணக்கு, விமான டிக்கெட், விசா எல்லாம் ஒரே இடத்தில் செய்து தருகிற கடை. நடத்துபவர் நம்மவர். "நீ கவலையே படாதம்மா, அண்ணன் பாத்துக்கறேன்" என்றார். பிறந்த ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தபின் தமிழில் ஒருவர் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். நான் அப்படியே நம்பினேன்.

2022 மார்ச்சில் 3,400 டாலர் கொடுத்தேன். அதில் 535 டாலர் அரசுக் கட்டணம். அன்றைக்கு அதுதான் சரியான தொகை. 1,500 டாலர் "பிரீமியம் பிராசஸிங்", ஆறே மாதத்தில் முடித்துவிடலாம் என்றார். விவாகரத்துத் தீர்ப்பு தமிழில் இருந்ததால் மொழிபெயர்ப்புக்கு 250. மீதி அவருடைய சேவைக்கட்டணம்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஐ-130க்குப் பிரீமியம் பிராசஸிங் என்று ஒன்று கிடையவே கிடையாது. சில வேலை விசா மனுக்களுக்கு உண்டு, கணவன் மனைவிக்கான இந்த மனுவுக்கு இல்லை. எவ்வளவு பணம் கொடுத்தாலும் வரிசையில் முன்னால் போக முடியாது. யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் அந்த நொடியே எழுந்து வந்துவிடுங்கள்.

நான் எழுந்து வரவில்லை. அதைவிடப் பெரிய தவறும் செய்தேன். படிவத்தை நிரப்பும் முன்பே கையெழுத்துப் பக்கத்தை மட்டும் நீட்டினார், போட்டுக் கொடுத்தேன். மனுவுக்கு அரசு தரும் ரசீது எண்ணைக் கேட்டபோது "அது நம்ம சிஸ்டத்துல இருக்கும்மா, உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

2023 மார்ச்சில் மகள் பிறந்தாள். பிரசவத்தின்போது கணவர் திருச்சியிலிருந்து கைபேசித் திரையில் இருந்தார். குடியேற்ற மனு நடந்துகொண்டிருக்கும்போது சுற்றுலா விசா கிடைப்பது கஷ்டம் என்பதால் அதற்கு முயலக்கூட இல்லை. மாதம் ஒருமுறை அந்த அலுவலகத்துக்குப் போன் செய்வேன். "இன்னும் ரெண்டு மாசம்" என்பார்கள். அந்தச் சமயத்தில் எல்லோருடைய மனுவும் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்ததால் எனக்குச் சந்தேகமும் வரவில்லை.

ஆகஸ்டில் கடைக்காரர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். "அப்ரூவ் ஆயிடுச்சு! இனிமே என்விசி. 445 டாலர் ஸெல்ல போடு." (ஸெல் என்பது வங்கிக் கணக்கிலிருந்து நேராக இன்னொருவருக்குப் பணம் அனுப்பும் வசதி.) என்விசி என்கிற தேசிய விசா மையத்தின் கட்டணம் விசா விண்ணப்பத்துக்கு 325, ஆதரவு உறுதிமொழிக்கு 120, ஆகமொத்தம் 445. தொகை துல்லியமாகச் சரி. தேடிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறதே என்ற நிம்மதியில் அனுப்பினேன். ஆனால் உண்மையில் அந்தக் கட்டணம் வெளியுறவுத் துறையின் இணையதளத்தில், நம் கேஸ் எண்ணைப் போட்டு உள்ளே போய், நம் வங்கிக் கணக்கிலிருந்து நாமே கட்டுவது. தனி ஆளின் ஸெல் கணக்குக்கு அது போகவே போகாது.

அடுத்த வாரம் இன்னொன்று சொன்னார். மகப்பேறு விடுப்பால் என் வருமானம் குறைந்திருக்கும், அதனால் வருமானத்துக்குக் கூடவே பொறுப்பேற்கும் "ஜாயிண்ட் ஸ்பான்ஸர்" ஒருவரைத் தானே ஏற்பாடு செய்வதாகவும், அவருக்கு 2,000 டாலர் கொடுத்தால் போதும் என்றும். ஸ்பான்ஸர் கையெழுத்துப் போடும் ஐ-864 ஆதரவு உறுதிமொழி சாதாரணக் கடிதம் இல்லை, சட்டப்படி செல்லுபடியாகும் ஒப்பந்தம். வருபவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது அவர் கணக்கில் நாற்பது காலாண்டு, அதாவது பத்து வருட, வேலை சேரும்வரை, கையெழுத்திட்டவர் பொறுப்பு. விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு போகாது. முகம் தெரியாத ஒருவர் 2,000 டாலருக்காக இதில் கையெழுத்துப் போடுவாரா? அன்றைக்குத்தான் முதல்முறையாக உறுத்தியது. அந்த வருடம் மூன்று பேர் குடும்பத்துக்குத் தேவைப்பட்ட வருமானம் 31,075 டாலர். என் சம்பளம் அதைவிட நன்றாகவே கூடுதல். அவருக்கு அது தெரியும், என் வரிக்கணக்கைத் தாக்கல் செய்ததே அவர்தான்.

அன்று இரவு குழந்தை தூங்கிய பிறகு, அவர் அனுப்பிய படத்தில் இருந்த ரசீது எண்ணை, குடியேற்ற மனுக்களைப் பரிசீலிக்கும் அரசுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் போட்டுப் பார்த்தேன். இலவசம், ஒரு நிமிட வேலை. அந்த எண் வேறு யாருடைய ஐ-765க்கோ உரியது. வேலை அனுமதி மனு. என் கை நடுங்கியது. திருச்சியில் அப்போது காலை. கணவரை அழைத்தேன், எதுவும் சொல்ல முடியாமல் அழுதேன்.

செப்டம்பரில் ஒரு குடியேற்ற வக்கீலைப் பார்த்தேன். ஆலோசனைக்கு 200 டாலர். அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி என் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கினார். அதில் இருந்ததைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். மனு உண்மையிலேயே போயிருந்தது. ஆனால் தபால் முகவரி என்னுடையது இல்லை, அந்தக் கடையுடையது. படிவத்தைத் தயாரித்தவர் தன் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டிய பகுதி வெறுமையாக இருந்தது. கணவருக்கு எத்தனை திருமணம் என்ற இடத்தில் "1". தீர்ப்பு நகல் இல்லை, நான் 250 டாலர் கொடுத்த மொழிபெயர்ப்பு இல்லை, புகைப்படங்கள்கூட இல்லை. 2023 ஜனவரியில் கூடுதல் ஆதாரம் கேட்டு அரசு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. அது கடைக்குப் போனது. பதில் வராததால் ஏப்ரலில் மனு கைவிடப்பட்டதாகக் கருதி நிராகரித்துவிட்டார்கள். அந்தக் கடிதமும் கடைக்குத்தான் போனது. என் மகளுக்கு அப்போது ஒரு மாதம்.

பணத்தைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த "1". வேண்டுமென்றே பொய் சொல்லி விசா பெற முயன்றதாக அதிகாரி முடிவு செய்துவிட்டால் அது விசா கேட்பவருக்கு வாழ்நாள் தடை. விலக்கு கேட்டு வாங்குவது தனிப் போராட்டம். கையெழுத்து என்னுடையது. நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? புதிய மனுவோடு நடந்ததை ஒளிக்காமல் எழுதிய உறுதிமொழி, கடைக்குக் கொடுத்த பணத்தின் ரசீதுகள், வாட்ஸப் செய்திகள் எல்லாவற்றையும் வக்கீல் இணைக்கச் சொன்னார்.

2023 நவம்பரில் என் சொந்தக் கணக்கில், என் வீட்டு முகவரியில், ஆன்லைனில் நானே தாக்கல் செய்தேன். வக்கீல் சரிபார்த்தார். அதே 535 டாலர். (2024 ஏப்ரலில் கட்டணம் உயர்ந்து ஆன்லைனில் 625, காகிதத்தில் 675 ஆனது.) ரசீது எண் உடனே என் திரையில் வந்தது. பதினெட்டு மாதம் என் கைக்கு வராமல் இருந்தது இப்படி எழுத்தும் எண்ணுமாகப் பதின்மூன்று இலக்கம்தான்.

அதற்குச் சற்று முன், அக்டோபரில், மகளைத் தூக்கிக்கொண்டு திருச்சி போனேன். ஏழு மாதக் குழந்தையைக் கணவர் முதன்முதலாகத் தொட்டது விமான நிலைய வாசலில்.

2024 டிசம்பரில் மனு ஏற்கப்பட்டது. என்விசியிலிருந்து வந்த கேஸ் எண் பிஎம்பி என்று தொடங்கியது. மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் குறியீடு அது. அந்தப் போலிப் படத்தில் இப்படி எந்த எண்ணும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 2025இல் மும்பையில் நேர்காணல். முதல் மனுவில் முந்தைய திருமணம் ஏன் இல்லை என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இவர் நடந்ததைச் சொன்னார், தீர்ப்பு நகலைக் கொடுத்தார். செப்டம்பரில் வந்து சேர்ந்தார்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தபால் முகவரி உங்கள் வீடாக இருக்கட்டும். உதவி செய்பவர் வக்கீலா என்று மாநில வழக்கறிஞர் பதிவேட்டில் தேடுங்கள். வக்கீல் இல்லையென்றால் அமெரிக்க நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர் தட்டச்சு செய்து தரலாம், எதை எழுத வேண்டும் என்று சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது. உண்மையான வக்கீல் உங்களுக்காக ஆஜராகும்போது ஜி-28 என்ற படிவம் போடுவார். அதைக் கேளுங்கள். ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் இன்றைக்கே ரசீது எண்ணைக் கேட்டு வாங்கி நீங்களே போட்டுப் பாருங்கள். எந்தப் படிவத்துக்கான எண் என்பதையும் பாருங்கள். தர மறுத்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், கெடு ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஸெல்லில் போன பணம் திரும்ப வராது என்று வங்கி சொல்லிவிட்டது. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும், உரிமமில்லாமல் வக்கீல் தொழில் செய்பவர்களை விசாரிக்கும் குழுவிடமும் புகார் கொடுத்தேன். அதன்பின் கடைக்காரர் ஆயிரம் டாலர் திருப்பித் தந்தார், கூடவே புகாரை வாபஸ் வாங்கச் சொன்னார். வாங்கவில்லை. போன மாதம் அந்த வழியாகப் போனேன். கடை திறந்திருந்தது. உள்ளே ஒரு இளம்பெண் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், ரசீது எண் வாங்கினாயா தங்கச்சி என்று கேட்டேன்.