இருமல் மருந்து வாங்கப் போகிறீர்களா? கோத்தகிரியில் அம்மாவுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

கோத்தகிரியில் ஒரு மருந்துக்கடை என் அம்மாவை மாதக்கணக்கில் ஏமாற்றியிருக்கிறது. மலையில் இருப்பவர்கள், குறிப்பாக வீட்டில் வயதானவர்களும் குழந்தைகளும் இருப்பவர்கள், தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

அம்மாவுக்கு ஆவணியில் பிரஷர் மாத்திரை ஆரம்பித்தார்கள். ஐப்பசியில் இருமல் வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, இளைப்பும் இல்லை. தொண்டையில் நமநமவென்று ஒரு அரிப்பு, படுத்தால் விடாத வறட்டு இருமல். கடையில் போய்ச் சொன்னதற்கு, "பனிக்காலம் இல்லையாம்மா, ஊரே இருமுது" என்று ஒரு சிரப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறார். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த சிரப்புக்கு இருமல் அடங்கவில்லை என்றதும் இன்னொரு பாட்டில், இரண்டையும் சேர்த்தே குடிக்கச் சொல்லி. அதுவும் பலிக்காமல் போகவே, அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகளைக் காகிதக் கவரில் போட்டு, மேலே பேனாவால் காலை, இரவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எதற்கும் டாக்டர் சீட்டு கேட்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் அந்தப் பாட்டில்களை நான் கையில் எடுத்துப் படித்தேன். முதல் பாட்டிலில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் மூன்றும் இருந்தன. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் மூளையில் இருமல் உணர்ச்சியை அடக்கும், வறட்டு இருமலுக்கானது, அது சரி. குளோர்ஃபெனிரமின் தூக்கத்தைக் கொண்டுவரும். ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்கு. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி வேலை செய்வதால் பிரஷரை ஏற்றக்கூடும். மூக்கே அடைக்காத ஒரு பிரஷர்காரருக்கு அதை ஏன் கொடுக்க வேண்டும்?

இரண்டாவதில் அம்ப்ராக்சால், குவைஃபெனசின், டெர்பியூட்டலின். முதல் இரண்டும் கெட்டிச் சளியை இளக்கி இருமி வெளியே தள்ள உதவுபவை. டெர்பியூட்டலின் சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும், இளைப்பு உள்ளவர்களுக்கானது. படபடப்பும் கைநடுக்கமும் அதன் தெரிந்த பக்கவிளைவுகள். அம்மா டீ டம்ளரைத் தட்டில் வைக்கும்போது கடகடவென்று சத்தம் கேட்கும். வீட்டில் குளிர் என்று நினைத்துக்கொண்டு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஆறவே இல்லாத விஷயம், இரண்டையும் ஒன்றாகக் குடிக்கச் சொன்னது. ஒன்று சளியை இளக்கி இருமச் சொல்கிறது, மற்றது இருமாதே என்று அடக்குகிறது. உண்மையிலேயே சளி இருப்பவர் இப்படிக் குடித்தால் இளகிய சளி நெஞ்சுக்குள்ளேயே தங்கும். மருந்து விற்பவருக்கு இது தெரியாதா?

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்பதுதான். அம்மா பையிலிருந்து எனலாப்ரில் அட்டையை எடுத்து நீட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே. உடம்பில் பிராடிகைனின் என்ற பொருள் கரையாமல் சேர்ந்து தொண்டையை உறுத்துவதுதான் காரணம் என்றார். மாத்திரை ஆரம்பித்த உடனேயும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். எந்த சிரப்புக்கும் இது அடங்காது. ஆனாலும் இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்பதால் டிபி இல்லை என்று உறுதிசெய்ய சளிப் பரிசோதனைக்கு முயன்று, எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இந்தச் சோதனைகள் அரசு மருத்துவமனையில் இலவசம். எனலாப்ரிலுக்குப் பதில் லோசார்டன் எழுதினார். மாசி பிறப்பதற்குள் இருமல் நின்றுவிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்தக் கவர் மாத்திரைகள் என்னவென்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அட்டை இல்லை, பெயர் இல்லை, தேதி இல்லை. இப்படிப் பிரித்துத் தரும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு என்று எச்சரித்தார். இரண்டு நாளில் சுகமாகிவிட்டதுபோல் இருக்கும், 'கைராசிக்காரர்' என்று கடைக்காரருக்குப் பெயரும் வரும். உள்ளே சர்க்கரை ஏறும், டிபி இருந்தால் அது மறைந்து முற்றும்.

கேட்கலாம் என்று கடைக்குப் போனேன். "எல்லாருக்கும் இதைத்தானே குடுக்கிறோம், யாருக்கும் ஒண்ணும் ஆகலையே அக்கா" என்றார். நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு அம்மா கைக்குழந்தைக்கு இருமல் என்று வந்தார். வயது என்ன, எடை என்ன, எதுவும் கேட்காமல் ஒரு பாட்டில் போனது. நான்தான் அந்த அம்மாவைத் தடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த இருமல் சிரப்பால் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதன்பிறகு மத்திய சுகாதாரத் துறையே, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது என்று அறிவுறுத்தியது. இவ்வளவுக்கும் பிறகு இந்த அலட்சியம்.

பாட்டில்களையும் கவரையும் படம் எடுத்து, மருந்து ஆய்வாளருக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். பில் கேட்டபோது அம்மாவுக்குத் தரவில்லை, அதையும் எழுதியிருக்கிறேன். பேட்ச் எண்ணுடன் பில் கேளுங்கள், மாத்திரையை அட்டையோடு கேளுங்கள், தரமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். இதேபோல் பிரித்த மாத்திரை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் அந்தக் கவரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், ஒன்றாகச் சேர்ந்து புகார் கொடுப்போம்.