கொசுவலையா, காற்றாடியா, ஊசியா? கூண்டில் வாழும் பருந்துக்கும் ஆந்தைக்கும் எது நல்ல காவல்

இளம் செம்பருந்து ஒன்றின் கண்ணிமை ஓரத்தில் மிளகளவு கரடு ஒன்றைப் பார்த்த காலையில்தான் இந்தக் கேள்வி எனக்குள் புகுந்தது. கூட்டிலிருந்து விழுந்து எங்கள் பராமரிப்புக்கு வந்த பறவை அது. சில நாளில் மிளகு பட்டாணியானது. அலகின் அடியில் உள்ள தோலிலும் கால்விரலிலும் இன்னும் இரண்டு கரடுகள் கிளம்பின. பறவை அம்மை என்றார் மருத்துவர்.

"தனிக் கூண்டில்தானே இருக்கு, எப்படி வந்துச்சு டாக்டர்?"

"கொசுதான். வேறொரு பறவையின் புண்ணில் வாய் வைத்துவிட்டு இங்கே வந்து கடித்திருக்கும்."

பறவை பிழைத்துக்கொண்டது. ஆனால் தழும்பு விழுந்த அந்த இமை இன்றுவரை முழுதாக மூடுவதில்லை. அதைத் திறந்த வானத்தில் விட முடியாமல் போனதற்கு ஒரு கொசுக்கடி போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து, கிடைக்கும் வழிகளை எல்லாம் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து வருகிறேன். உரிய அனுமதியில்லாமல் சிங்கப்பூரில் யாரும் வேட்டைப் பறவை வளர்க்கக் கூடாது. ஆகவே இது முதலில் பூங்காக்களிலும் மீட்பு இல்லங்களிலும் வேலை செய்பவர்களுக்கானது. மெர்போக், மாட்டா புத்தே போன்ற பாடும் பறவைகளை வளர்க்கும் அண்ணன்மாருக்கும் இதில் பாதி பயன்படும்.

முதலில் எதிரி யார் என்பதில் தெளிவு வேண்டும். சிங்கப்பூரில் கொசு என்றாலே டெங்கி, டெங்கி என்றாலே ஏடிஸ். பூச்சட்டித் தட்டில் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிட்டுப் பகலில் கடிப்பது அது. பறவைகளுக்குப் பெரிய ஆபத்து கியூலெக்ஸ். அழுக்குத் தேங்கிய லோங்காங்கில், அதாவது சாக்கடையில் வளரும், இரவில் கடிக்கும். பறவை மலேரியாவையும் வெஸ்ட் நைல் கிருமியையும் சுமக்கக்கூடியது அதுதான். ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த புளோக்கைச் சுற்றியே திரியும்; கியூலெக்ஸ் ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் பறந்து வரும். நம் வளாகத்தை மட்டும் துடைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

வோல்பாக்கியா என்ற நுண்ணுயிரை ஏற்றிய கொசுக்களை விடும் திட்டம் பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். தேசிய சுற்றுப்புற வாரியம் 2016இல் தொடங்கிய திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அதில் விடப்படும் ஆண் கொசுக்கள் ஏடிஸ் எஜிப்டி இனத்தவை. அவை ஏடிஸ் பெண்ணோடு சேர்ந்தால் அந்த முட்டை பொரியாது. கியூலெக்ஸை அது தொடவே தொடாது. இத்தனைக்கும் வோல்பாக்கியா என்ற நுண்ணுயிர் 1924இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே கியூலெக்ஸ் கொசுவின் உடலில்தான். ஹவாயில் பறவை மலேரியாவால் அழியும் தேன்பறவைகளைக் காப்பாற்ற, 2023 முதல் மாவி தீவின் காடுகளில் கியூலெக்ஸ் ஆண் கொசுக்களை விடுகிறார்கள். அப்படி ஒன்று இங்கே வரும் நாள்வரை, நம் பறவைகளின் கணக்கில் வோல்பாக்கியாவைச் சேர்க்க வேண்டாம்.

இனி ஊசி. வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படிப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். 1999இல் நியூயார்க்கில் வெஸ்ட் நைல் நுழைந்தபோது காகங்கள் தெருவில் விழுந்தன, பிரான்க்ஸ் உயிரியல் பூங்காவில் பூநாரைகள் செத்தன. மனிதரைக் கொல்வதும் பறவைகளைக் கொல்வதும் ஒரே நோய்தான் என்று விடாமல் சொன்னவர் அந்தப் பூங்காவின் நோயியல் மருத்துவர் டிரேசி மெக்நமாரா. அதன்பின் கொம்பு ஆந்தைகளும் செவ்வால் பருந்துகளும் கூட்டமாக நோயுற்று மீட்பு இல்லங்களுக்கு வந்தன. குதிரைகளுக்கென்று தயாரித்த தடுப்பூசியை மருத்துவர்கள் பறவைகளுக்கும் போடத் தொடங்கினார்கள். உலகில் மிச்சமிருந்த கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகளுக்கு 2003இல் தனியாக ஒரு டிஎன்ஏ தடுப்பூசியே போட்டார்கள்.

அங்கே அது சரியான முடிவு. இங்கே எனக்கு மூன்று தயக்கங்கள். குதிரை ஊசிக்கு எல்லாப் பறவையும் ஒரேபோல எதிர்ப்பாற்றல் காட்டுவதில்லை. போட்டாயிற்று என்று கூண்டைத் திறந்து வைக்க அது துணிவு தராது. இரண்டாவதாக, வெஸ்ட் நைல் சிங்கப்பூரில் வேரூன்றிய நோயல்ல. இங்கே நாம் அன்றாடம் அஞ்ச வேண்டிய மலேரியாவுக்கும் அம்மைக்கும் அந்த ஊசியால் ஒரு பயனும் இல்லை. கடைசியாக, ஒவ்வொரு ஊசிக்கும் பறவையைத் துணியில் சுற்றிப் பிடிக்க வேண்டும். பழகாத பறவைக்கு அந்த இரண்டு நிமிடம் மரண பயம். வலசைப் பறவைகள் ஆண்டுதோறும் செப்டம்பரிலிருந்து வந்து இறங்கும் ஊர் இது. அவற்றோடு வெஸ்ட் நைலும் வந்து நாளை நிலைமை மாறினால் ஊசியைப் பற்றி மறுபடி யோசிப்பேன். இன்று அதை வரிசையின் கடைசியில்தான் வைப்பேன்.

மருந்தும் ஏறத்தாழ அதே கதை. குளோரோகுயின், பிரிமாகுயின் போன்ற மனித மலேரியா மருந்துகளை, குளிர்நாட்டிலிருந்து வந்த பெரிய வல்லூறுகளுக்கும் பெங்குவின்களுக்கும் கொசுக்காலம் தொடங்கும் முன்பே கொடுக்கும் வழக்கம் உண்டு. கனடாவிலோ ஜெர்மனியிலோ கொசுக்காலம் சில மாதம். இங்கே இரவு வெப்பம் 23 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர 13 டிகிரிக்கு மேல் போதும். அப்படியானால் மருந்தை ஆண்டு முழுக்க, ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டிவரும். குளோரோகுயினில் நோய்க்கான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. ஒட்டுண்ணி தெரிந்து, பறவையும் சோர்ந்திருந்தால் மருத்துவர் மருந்து தரட்டும். உள்ளூர்ப் பருந்துகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி கொஞ்சம் இருந்தும் அவை நன்றாகவே வாழ்வது உண்டு. பனி ஆந்தைக்கும் ஆர்க்டிக் வல்லூறுக்கும் அந்தப் பழக்கம் இல்லை. பறவை மலேரியா அரிதான நிலத்தில் பரிணமித்த உடல்கள் அவை; விரைவில் சாய்ந்துவிடும். வியன்னாவில் 2001இல் கொசு பரப்பும் உசுட்டு கிருமி பரவியபோது அங்குள்ள உயிரியல் பூங்காவில் செத்தவையும் வடநாட்டுச் சாம்பல் ஆந்தைகளே.

புகையடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்து இயங்குவதால், நமக்கு இருமல் தரும் புகை அதற்கு உயிர்ப் பிரச்சினை. கொசுவர்த்திச் சுருளும் அப்படித்தான். பக்கத்தில் புகையடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் பறவைகளை உள்ளே மாற்றிவிடுங்கள். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், தண்ணீரில் நெளியும் புழுவை விட்டுவிடும்.

புழுவைக் கொல்ல நான் நம்புவது பிடிஐ என்ற நுண்ணுயிர் மருந்தை. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கிடைத்தது. கொசுப்புழு அதைத் தின்றால் குடல் சிதைந்து சாகும், பறவை குடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஒரு குறை, சாக்கடை நீரில் அதன் வீரியம் சீக்கிரம் மங்கிவிடும். கியூலெக்ஸ் வளர்வதோ அங்கேதான். அழுக்கு நீருக்கு அதன் உறவுக்கார நுண்ணுயிரான ஸ்ஃபேரிக்கஸ் அதிக நாள் தாங்கும். ஆனால் அதையே திரும்பத் திரும்பப் போட்டால் கொசு பழகிவிடும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. பறவை குளிக்கும் தொட்டியில் எந்த மருந்தும் தேவையில்லை. முட்டை கொசுவாக இங்கே ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். தினமும் கவிழ்த்துத் தேய்த்து நிரப்பினால் அதில் ஒரு கொசுவும் பிறக்காது.

உண்மையான போட்டி வலைக்கும் மின்காற்றாடிக்கும்தான். இரண்டிலும் கைவைத்துப் பட்டுத் தெரிந்துகொண்டவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வலையின் பலம் வெளிப்படை. ஒன்றரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட கண் இருந்தால் கொசு நுழையாது. வலை போட வந்த ஒப்பந்தக்காரர் என்னிடம், "அக்கா, வீவக அடுக்குமாடி ஜன்னலுக்குப் போடுற அதே வலைதானே, இதுக்கு என்ன தனியா யோசிக்கிறீங்க?" என்றார். யோசிக்கத்தான் வேண்டும். ஜன்னல் வலையைக் கூண்டுக்கு நேரே அடித்தால் முதல் நாளே வளைநகம் மாட்டும். பறவை பதறி அடித்துக்கொண்டால் வால் இறகு முறியும். முறிந்த இறகு அடுத்த இறகுதிர்வு வரை வளராது. அதனால் உள்ளே செங்குத்துக் கம்பிகள், ஒரு சாண் தள்ளி வெளியே வலை என்று இரண்டு அடுக்காகப் போட வேண்டும். கதவும் இரட்டைக் கதவாக வேண்டும். ஒற்றைக் கதவென்றால் நாம் உணவு கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் கொசுவும் கூடவே வரும். உள்ளே வந்த கொசுவுக்கு வெளியேறும் வழியில்லை, பறவைக்கும் இல்லை.

ஆனால் எனக்கு வலையைக் கண்டால் வரும் பெரிய பயம் வேறு. மெல்லிய கண்ணுள்ள வலை காற்றைத் தடுக்கும். அதில் தூசியும் இறகுத் துகளும் படிந்தால் பாதிக் காற்றும் நின்றுபோகும். நம் ஊர் ஈரப்பதத்தில், காற்றோட்டமில்லாத கூண்டுத் தரையில் பழைய இறைச்சித் துணுக்கும் எச்சமும் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் பறவையின் காற்றுப்பையில் இறங்கிவிட்டால், வெளியே அறிகுறி தெரிவதற்குள் உள்ளே சேதம் முடிந்திருக்கும். குளிர்நாட்டு வல்லூறும் பனி ஆந்தையும் இதற்கும் எளிதில் இரையாகும். ஆக, மலேரியாவிலிருந்து யாரைக் காக்க வலை போடுகிறோமோ, அதே பறவையைப் பூஞ்சையின் வாயில் தள்ளும் வாய்ப்பு உண்டு. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், நல்ல எண்ணத்தோடு நான்கு பக்கமும் வலை அடித்துக் கூரையையும் மூடியிருந்தார்கள். மதியம் உள்ளே நுழைந்தால் எனக்கே மூச்சு முட்டியது. சில மாதத்தில் ஒரு வல்லூறின் குரல் மாறியது, பின் அது வாயைத் திறந்து மூச்சுவிடத் தொடங்கியது. அதை நாங்கள் இழந்தோம். அந்தக் குரல் மாற்றத்தை முதல் நாளே பொருட்படுத்தியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

காற்றாடி இதற்கு நேர் எதிர். கொசு மணிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பூச்சி; சாதாரண மேசைக் காற்றாடியின் வீச்சையே அதனால் எதிர்த்து வர முடியாது. நாம் விடும் கரியமில வாயுவை மோந்துதான் அது தேடி வருகிறது. காற்று அந்தத் தடத்தையும் கலைத்துவிடும். கூடவே வெப்பம் தணியும், தரை உலரும், பூஞ்சை ஒதுங்கும். ஒரே பொருளில் இத்தனை நன்மை வேறு எதிலும் நான் பார்க்கவில்லை.

அப்படியென்றால் காற்றாடி மட்டும் போதுமா? கட்டையில் கட்டிவைத்துப் பழக்கும் பறவைக்கு ஏறக்குறைய போதும். அது உட்காரும் இடம் தெரியும், காற்றை அங்கே திருப்பலாம். கூண்டுக்குள் கட்டின்றித் திரியும் பறவை விஷயத்தில் இது சறுக்கும். காற்று பிடிக்கவில்லையென்றால் அது மூலைக்குப் போய்விடும். காற்று சேராத அந்த மூலையில்தான் கொசுவும் காத்திருக்கும். கண்ணிமை, அலகின் அடித்தோல், இறகில்லாத கால் ஆகிய மூன்றுதான் கொசுவுக்கு வேண்டிய இடம். தூங்கும் பறவை மூன்றையும் விட்டுக்கொடுத்துவிடும். ஆந்தைகள் பாடு இன்னும் சிரமம். சருகில் ஓடும் எலியின் சத்தத்தைக் கேட்டு வாழப் பிறந்த காதுக்கு, இரவெல்லாம் உறுமும் மோட்டார் பெரிய தொல்லை. விலை கூடினாலும் சத்தம் குறைந்த காற்றாடியை ஆந்தைக்கு வாங்கிக் கொடுங்கள் என்று கெஞ்சியே கேட்பேன். இறக்கைக்குக் கம்பிக் கூடு போடாத காற்றாடி எந்தக் கூண்டுக்கும் வேண்டாம்.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எதை எடுப்பது என்று கேட்டால், உள்ளூர்ப் பறவைக்குக் காற்றாடி என்பேன். குளிர்நாட்டுப் பறவைக்கு இரண்டில் ஒன்று போதாது. அதற்கு இரண்டும் சேர்ந்த இரவு அறை கட்ட வசதியில்லாதவர்கள் அந்தப் பறவையை இந்த ஊருக்குக் கொண்டுவரவே கூடாது. பெங்குவின்களைக் குளிரூட்டிய, மூடிய கூடத்தில் வைப்பது போன்ற ஏற்பாடு அவற்றுக்கும் உரியது.

எங்களிடம் இப்போது இருப்பது எளிய ஏற்பாடு. பகலில் பறவைகள் திறந்த கூண்டில், வெயிலும் மழையும் படும்படி இருக்கின்றன. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே இருட்டுவதால் நேரம் மாற்ற வேண்டிய தேவையில்லை. ஆறரைக்கு ஒவ்வொன்றையும் கையில் ஏற்றி, இரட்டை அடுக்கு வலை போட்ட சின்ன அறைக்குக் கொண்டுபோகிறோம். வலை சிறியதாக இருப்பதால் வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ முடிகிறது. வெளியே இழுக்கும் காற்றாடி ஒன்று, உள்ளே தள்ளும் காற்றாடி ஒன்று. மின்சாரம் நின்றால் ஒலிக்கும் மணியும் உண்டு. இரவில் விழித்திருக்கும் ஆந்தைகளுக்கு மட்டும் அந்த அறை போதாது. அவற்றுக்குப் பெரிய வலைக் கூண்டே வேண்டும், அதற்கு இன்னும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இமை மூடாத செம்பருந்தை நான் கடைசியாகத்தான் உள்ளே கொண்டுபோவேன். வறண்டுவிடும் அந்தக் கண்ணில் நேராகக் காற்று படக் கூடாது. அதனால் காற்றாடியின் முகத்தை இரண்டு விரல் அளவு கீழே சாய்த்து, கால்களை மட்டும் காற்று தொடும்படி வைத்துவிட்டு, கதவுகள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்துகிறேன்.