இரண்டு நாள் பயிற்சியா, பள்ளிக்குள்ளேயே ஓர் ஆளா?

அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் பயிற்சிக்குப் போய்வந்த எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்: பத்து மணி என்றால் பத்தரை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, கொஞ்ச நேரத்தில் டீ. புரொஜெக்டர் வேலை செய்தால் படக்காட்சி, செய்யாவிட்டால் பயிற்சி தரும் கருத்தாளர் தன் செல்போனைப் பார்த்து வாசிப்பார். ஒருமுறை தலைப்பு ‘மாணவர் மனநலம்’. மனம் சோர்ந்த பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு நீளமான பட்டியல் கொடுத்தார்கள். எல்லோரும் எழுதிக்கொண்டோம். திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால், அந்தப் பட்டியலில் பாதி பொருந்துகிற பிள்ளைகள் ஒரே பெஞ்சில் மூன்று பேர். அடுத்து என்ன செய்வது என்பது மட்டும் என் நோட்டில் இல்லை.

இனி இந்தக் கேள்வியிலிருந்து பள்ளிகள் நழுவ முடியாது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான இடைக்கால நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதியான ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். அதைவிடச் சிறியவை வெளியிலுள்ள மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர், ஆசிரியரல்லாத பணியாளர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி வேண்டும். ஆளையும் கேட்கிறது, பயிற்சியையும் கேட்கிறது. இரண்டுக்கும் ஒருசேரக் காசும் நேரமும் இல்லாத பள்ளி எதை முதலில் பிடிப்பது என்பதுதான் இங்கே அலசல்.

மேலிருந்து இறங்கிவரும் பயிற்சி

நமக்குப் பழக்கமானது இதுதான். மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர்களுக்கு, அவர்கள் மாவட்டத்தில், மாவட்டத்தில் கற்றவர்கள் வட்டார வள மையத்தில், அங்கே வந்தவர் தன் பள்ளியில் சக ஆசிரியர்களுக்கு. குடத்திலிருந்து செம்புக்கும் செம்பிலிருந்து டம்ளருக்கும் ஊற்றுவது போல. கடைசி டம்ளருக்கு வரும்போது தலைப்புகள் மிஞ்சும். பேசிப் பார்த்தல், நடித்துப் பார்த்தல், தவறு செய்து திருத்திக்கொள்ளுதல் எல்லாம் வழியிலேயே சிந்திவிடும். கணக்குப் பாடத்துக்கு இந்த முறை ஓரளவு தாங்கும். அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையிடம் முதல் வாக்கியமாக எதைச் சொல்வது என்பதற்குத் தாங்காது.

2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத்தின் கீழ் தொடங்கிய பள்ளி நலத் திட்டமும் இந்த வழியைத்தான் எடுத்தது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், கூடுமானால் ஓர் ஆண், ஒரு பெண், ‘நல்வாழ்வுத் தூதர்’களாகப் பயிற்சி பெறுவார்கள், வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பார்கள். ஆணும் பெண்ணும் என்று யோசித்தது நல்ல யோசனை. ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளை எல்லாவற்றையும் ஆண் ஆசிரியரிடம் சொல்லிவிடுவாள் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் திட்டத்தில் மொத்தம் 11 தலைப்புகள். ஊட்டச்சத்து, எச்.ஐ.வி., போதைப்பொருள், இணையப் பாதுகாப்பு என்று நீளும் வரிசையில் மனநலம் ஒன்று. தூதருக்கு அவருடைய பாடவேளைகள் எதுவும் குறையவில்லை. மாணவர் விவரங்களை எமிஸ் இணையதளத்தில் ஏற்றும் வேலையும் குறையவில்லை.

இதன் இணையவழித் தம்பியைச் சுருக்கமாகவே கடந்துவிடலாம். 42 லட்சம் ஆசிரியர்களை இலக்காக வைத்து 2019 ஆகஸ்டில் தொடங்கிய நிஷ்தா பயிற்சி, கொரோனா வந்ததும் 2020 அக்டோபரில் திக்‌ஷா தளத்துக்கு மாறியது. ஊர்விட்டு ஊர் போக வேண்டாம், புரியாத இடத்தைத் திரும்பப் பார்க்கலாம். மலைக்கிராமப் பள்ளியின் ஓராசிரியருக்கு இவை பெரிய வசதிகள். காணொளி ஒரு பக்கம் ஓட, விடைத்தாள் திருத்திக்கொண்டே சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. நானும் ஒருமுறை அப்படிச் செய்தவள்தான். ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்சார் பயிற்சி என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்லிவிட்டதால் மணிக்கணக்கு நிரம்பும்.

நாளந்தாவில் அருகருகே வைத்துப் பார்த்தது

ஆசிரியருக்குப் பயிற்சியா, தனியே ஓர் ஆளா என்பது இந்தியாவில் வெறும் வாதமாக நிற்கவில்லை. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோவாவைச் சேர்ந்த சங்கத் என்ற அமைப்பு நடத்திய அந்த ஆய்வின் பெயர் சேஹர். முதல் முடிவுகள் 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. ஆசிரியர் பயிற்சியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது கேள்விப்பட்டிருக்க வேண்டிய ஆய்வு. நான் போன எந்தப் பயிற்சியிலும் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் ‘மித்ரா’ என்ற பெயரில் தனியாக ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் மனநல நிபுணர் இல்லை. பயிற்சி கொடுத்து இந்த வேலைக்கென்றே வைத்த சாதாரண ஆள். இரண்டாவது பிரிவில் அதே பள்ளியின் ஆசிரியர் ஒருவர் அதே வேலையைச் செய்தார். மூன்றாவதில் மாநில அரசின் வழக்கமான வளரிளம் பருவக் கல்வித் திட்டம் மட்டும். மித்ராவுக்கும் ஆசிரியருக்கும் கொடுத்த வேலைப் பட்டியல் ஒன்றே. பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசுவது, சுவரிதழ் நடத்துவது, பிள்ளைகள் பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு பெட்டி வைப்பது, மாணவர் குழுக்களைக் கூட்டுவது, தேடி வரும் பிள்ளையோடு தனியே உட்கார்ந்து பேசுவது.

முடிவு ஒருபக்கமாகச் சாய்ந்தது. பள்ளிச் சூழல் எப்படி இருக்கிறது என்று மாணவர்களையே கேட்டு 28 புள்ளிக்கு அளந்ததில், மித்ரா இருந்த பள்ளிகள் வழக்கமான பள்ளிகளைவிட ஏறத்தாழ ஏழரைப் புள்ளி முன்னே நின்றன. மனச்சோர்வு, சக மாணவரை மிரட்டுவது, வன்முறை எல்லாம் குறைந்திருந்தன. ஆசிரியர் செய்த பள்ளிகளில்? வழக்கமான திட்டம் மட்டும் இருந்த பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடே இல்லை. தொடங்கி 17 மாதம் கழித்துப் பார்த்தபோதும் மித்ரா பக்கம் நன்மை தொடர்ந்தது. ஆசிரியர் பக்கம் நிலைமை மாறவில்லை.

இதைப் படித்துவிட்டு ‘ஆசிரியர்களால் ஆகாது’ என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. மித்ராவுக்கு அது ஒன்றே வேலை. ஆசிரியருக்கு அது ஏழாவது வேலை. அப்படியென்றால் இந்த ஒப்பீடு ஆளையும் ஆளையும் மட்டுமா ஒப்பிடுகிறது? பாதிக்குப் பாதி நேரத்தையும் நேரத்தையும் ஒப்பிடுகிறது. ஆசிரியருக்கு வாரம் பத்துப் பாடவேளையைக் குறைத்துவிட்டு அதே வேலையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த ஆய்வு சொல்லாது.

நேரத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. காலையில் வீட்டுப்பாடம் எழுதாததற்கு வெளியே நிறுத்தியவரிடமே மத்தியானம் போய் ‘வீட்டில் அப்பா அடிக்கிறார்’ என்று எந்தப் பிள்ளை சொல்லும்? மதிப்பெண் போடும் கையும் ஆறுதல் சொல்லும் கையும் ஒன்றாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதோடு, சொன்னது ஆசிரியர் ஓய்வறைக்குப் போகாது என்று பிள்ளைகள் நம்ப வேண்டும். ஓய்வறைகளில் என்ன பேசப்படும் என்பது நமக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆசிரியரே செய்தாலும் வேலை நடக்க ஒரு வழி இருக்கிறது என்பதற்கு டார்ஜீலிங் பக்கம் ஒரு முயற்சியைக் காட்டலாம். அங்கே குறைந்த கட்டணத் தனியார் தொடக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தனி அறை, தனி நேரம் என்று கேட்காமல், பாடம் நடத்தும்போதே மனம் வாடிய பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்று திட்டம் போட்டார்கள். ஆண்டு முழுக்க ஒரு வழிகாட்டி கூடவே இருந்தார். டீலீஃப் என்று பெயர். அளவில் சிறிய முயற்சி, நாளந்தா மாதிரி பெரிய சான்று ஆகாது. ஆனால் பயிற்சி முடிந்த மறுநாள் ஆசிரியரைத் தனியே விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலையில் இருந்துகொண்டே கற்பது என்றால் கூடவே ஒருவர் இருக்க வேண்டும். மெக்கானிக் கடைப் பையனுக்குக்கூட மேஸ்திரி பக்கத்தில் நின்றுதான் நட்டு முறுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்.

ஆசிரியருக்கே தெம்பு இல்லையென்றால்?

மூன்றாவது ஒரு கட்சி இருக்கிறது. முதலில் ஆசிரியரின் மனநலத்தைப் பாருங்கள், பிள்ளைகளுக்கு அது தானாக இறங்கும் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பிரிட்டனில் இதையும் சோதித்தார்கள். வைஸ் என்ற ஆய்வில் இங்கிலாந்து, வேல்ஸில் 25 மேல்நிலைப் பள்ளிகள். சில பள்ளிகளில் பணியாளர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இரண்டு நாள் மனநல முதலுதவிப் பயிற்சி கொடுத்து, சக ஊழியர்களுக்குத் தோள் கொடுக்கும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார்கள். பயிற்சி இல்லாத பள்ளிகளோடு ஒப்பிட்டபோது ஆசிரியர்களின் மனநலத்தில் முன்னேற்றம் தெரியவில்லை. இரண்டே நாள் பயிற்சி, பழைய வேலைப்பளு. வேறென்ன நடக்கும்?

2022-ல் முடிவு வெளியான மிரியட் ஆய்வு இன்னும் பெரியது: 85 பள்ளிகள், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆசிரியர்கள் முதலில் தாங்களே மனக்குவிப்பு (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சி பெற்று, பிறகு வகுப்பில் கற்பித்தார்கள். வழக்கமாக நடக்கும் வகுப்புகளைவிடப் பிள்ளைகளுக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஆசிரியர்களின் சலிப்பும் களைப்பும் அப்போதைக்குக் கொஞ்சம் குறைந்தன. ஆசிரியருக்காக ஒரு பயிற்சி வேண்டும் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், அவர்களும் மனிதர்கள்தான். அதைப் பிள்ளைகளின் கணக்கில் எழுதிக் காட்டத்தான் கூடாது.

ஆள் வைத்துவிட்டால் போதுமா

போதாது. சமூகப் பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முடித்துவிட்டு ஆலோசகராக வந்த பெண்ணைப் பதிலி வகுப்புக்கு அனுப்பிய பள்ளியை நான் பார்த்திருக்கிறேன். தேர்வு நாளில் கண்காணிப்பு, விழா நாளில் கோலம், மற்ற நாளில் அலுவலகத்தில் தட்டச்சு. அவருடைய அறை தலைமையாசிரியர் அறையைத் தாண்டித்தான் போக வேண்டிய இடத்தில் இருந்தது. பிள்ளைகள் போவார்களா? ஓர் ஆண்டுக்குள் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தனக்கு எட்டாத பிரச்சினை வரும்போது யாரிடம் கேட்பது என்ற ஏற்பாடும் அவருக்கு இல்லை. வெளியிலிருந்து வந்து போகிறவரும் இதற்கு மாற்று ஆகமாட்டார். தமிழகத்தின் நடமாடும் ஆலோசனை மைய வாகனம் ஒரு பள்ளிக்கு வரும் நாளில்தான் பிள்ளைக்கு அழுகை வர வேண்டும் என்று விதி கிடையாதே.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு செலவுக்குத்தான் வழி என்றால் ஆள். பட்டம் பெற்ற நிபுணர் கிடைக்காத ஊரில், நாளந்தா போல, பயிற்சி பெற்ற சாதாரண ஆள். அவருக்கு மாதம் ஒருமுறையாவது மூத்த ஒருவரோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு வேண்டும். நீதிமன்றம் கேட்கும் தகுதி அவருக்கு இருக்காது. ஆகவே வட்டாரத்துக்கு ஒரு தகுதியான ஆலோசகர், அவருக்குக் கீழே பள்ளிக்கு ஒருவர் என்று அடுக்கலாம்.

ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டாம் என்கிறேனா? சுருக்கமாக வேண்டும் என்கிறேன். கவனிக்க, குறுக்கிடாமல் கேட்க, உரியவரிடம் ஒப்படைக்க. இவை மூன்றும் கைவந்தால் போதும், பதினோரு தலைப்பு வேண்டாம். பள்ளி ஆள் விடுப்பில் இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098, தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் எண்ணான 14416 ஆகியவை ஒவ்வொருவர் போனிலும் இருக்க வேண்டும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று பிள்ளைக்கு எதில் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லித்தர வேண்டும். 2012 போக்சோ சட்டத்தின்படி, பாலியல் வன்கொடுமை பற்றித் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. நல்ல மனதோடு ரகசியம் காத்த ஆசிரியரும் இதில் மாட்டிக்கொள்வார். பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கெடுதல் நேரும்.

இந்தச் சுருக்கப் பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார வேண்டியவர்கள் ஆசிரியர்கள்கூட இல்லை. காலை உணவு பரிமாறும் அக்காவும் சத்துணவு ஆயாவும் வாட்ச்மேனும்தான். தட்டில் வாங்கிய உப்புமாவை மூன்று நாளாக அப்படியே கொட்டுகிற பிள்ளை யார் என்பது அந்த அக்காவுக்குத்தான் தெரியும். நேரத்துக்கு முன்பே வந்து கேட்டில் நிற்கிறவனையும், மணி அடித்தும் வீட்டுக்குப் போக மனசில்லாமல் சுற்றுகிறவளையும் வாட்ச்மேன் பார்த்துக்கொண்டே இருக்கிறார். யாரிடம் சொல்வது என்று அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆசிரியரல்லாதவர்களையும் உச்ச நீதிமன்றம் சேர்த்துச் சொன்னது அந்த நெறிமுறைகளில் எனக்கு மிகவும் பிடித்த வரி.

நாளந்தாவில் வைத்தது போன்ற ஒரு பெட்டி எங்கள் பள்ளியிலும் இருக்கிறது. ‘மாணவர் மனசு’ என்று அழகாக எழுதி மாட்டியிருக்கிறோம். மாட்டிய நாளில் போட்டோ எடுத்து வாட்ஸாப் குழுவில் அனுப்பியாயிற்று. சாவி தலைமையாசிரியர் அறை பீரோவில். பீரோ சாவி யாரிடம் என்று போன மாதம் கேட்டேன். மாறுதலாகிப் போன எழுத்தர் சாரிடம் இருக்கலாம் என்றார்கள்.