குரோம்பேட்டை வீட்டுக்கு வந்து மூன்றரை வருடம்: 43 வீடு பார்த்த அனுபவம்

என் கைபேசியில் ‘வீடு’ என்று ஒரு ஃபோல்டர் இன்னும் அழிக்காமல் கிடக்கிறது. 2019 ஆகஸ்ட் முதல் 2022 மார்ச் வரை சென்னையில் நாங்கள் பார்த்த 43 வீடுகளின் படங்கள். பாதிப் படங்களில் வீடே இருக்காது. குளியலறைச் சுவரின் ஓதம், மீட்டர் பெட்டி, போர்வெல் மோட்டார், யாரோ பூஜை அறையில் காயப்போட்ட துணி. வாங்கின கையோடு எழுதியிருந்தால் கிரகப்பிரவேச சந்தோஷத்தில் எழுதியிருப்பேன். இப்போது நான்கு கோடையும் நான்கு மழைக்காலமும் இந்த வீட்டில் போய்விட்டன. தேடும்போது எதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டோம், அதில் எது பிற்பாடு உதவியது என்று இனிமேல் சொல்லலாம்.

வேளச்சேரியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கார அம்மா ஒருநாள் கூப்பிட்டு காபி கொடுத்தார். ஐந்து வருடத்தில் முதல் காபி. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். “பையன் அமெரிக்காவுல இருந்து வந்துடறேங்கிறான்பா, ஆறு மாசத்துல வேற பார்த்துக்கோ” என்றார். அப்புறம் கொரோனா வந்து பையன் அங்கேயே தங்கிவிட்டான், நாங்களும் இங்கேயே தங்கிவிட்டோம். ஆனால் சொந்த வீடு என்ற பேச்சு வீட்டுக்குள் வந்துவிட்டதே, அது போகவில்லை.

எங்கள் பட்ஜெட் 50 லட்சம். முதல் மாதத்திலேயே அந்த எண்ணைச் சொன்னால் தரகர்களின் குரல் மாறுவது புரிந்துவிட்டது. “50க்கா... கூடுவாஞ்சேரி தாண்டிப் பாருங்க சார்.” மடிப்பாக்கத்தில் ஒரு வீடு பிடித்திருந்தது, 54 சொன்னார்கள். ஒரு வாரம் யோசித்துவிட்டு மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனால் 58. “இன்னொரு பார்ட்டி ரெடியா நிக்கறாங்க சார், இன்னைக்கே டோக்கன் போட்டா பேசறேன்.” அந்த இன்னொரு பார்ட்டி இருக்கிறானே, சென்னையில் நான் போன எல்லா வீட்டுக்கும் எனக்கு முன்னால் வந்துவிட்டுப் போயிருந்தான். அவனை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு டோக்கன் போடாமல் திரும்பியதற்காக வண்டியில் வரும்போது வீட்டில் யாரும் பேசவில்லை.

2020இல் விலை சரியும் என்று அலுவலகத்தில் எல்லாரும் சொன்னார்கள். நானும் ஆறேழு மாதம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் தரும் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்துக்கு இறக்கியது, வீட்டுக்கடன் வட்டி 7க்கும் கீழே வந்தது. வட்டி குறைந்ததும் என்னைப் போலவே காத்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தோம். பிறகு விலை எங்கே சரிவது!

இரண்டு விஷயங்களை இந்தத் தேடலில்தான் கற்றேன். ஒன்று, சதுரஅடி என்பது ஒரே அளவு கிடையாது. விளம்பரத்தில் வருவது சூப்பர் பில்ட்அப். அதில் மாடிப்படி, லிஃப்ட், நடைவழி எல்லாவற்றிலும் நம் பங்கு சேர்ந்திருக்கும். ரேரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள்ளே நாம் புழங்கும் தரையின் அளவைச் சொல்லித்தான் விற்கச் சொல்கிறது, ஆனால் பழைய வீடு விற்பவர் வாயில் அந்த வார்த்தை வராது. 1,050 என்று சொன்ன ஒரு வீட்டை நானும் மச்சானும் டேப் வைத்து அளந்தோம். 740 வந்தது. தரகர் எங்களைப் பார்த்த பார்வையில், டேப் கொண்டுவந்ததே மரியாதைக் குறைவு என்பதுபோல் இருந்தது. இன்னொன்று, யூடிஎஸ். அதாவது மனையில் நமக்கு எழுதித்தரும் பிரிபடாத பங்கு. கட்டடத்துக்கு வயது ஏற ஏற மதிப்பு குறையும், மண்ணுக்கு ஏறும். ஆகவே பழைய வீடு வாங்குகிறவன் ஹாலின் டைல்ஸைப் பார்ப்பதற்கு முன் பத்திரத்தில் யூடிஎஸ் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதே 1,050 வீட்டுக்கு யூடிஎஸ் 290தான். இப்போது நாங்கள் இருக்கும் வீடு 980 சதுரஅடி, யூடிஎஸ் 580. மூன்று கிரவுண்டில், அதாவது 7,200 சதுரஅடி மனையில், பன்னிரண்டே வீடு.

புது வீடு பக்கமும் போனோம், பழைய மகாபலிபுரம் சாலையில். மாடல் ஃபிளாட் அழகாகத்தான் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்த என் மனைவிதான் கண்டுபிடித்தாள், “ஏங்க, இது ஆள் படுக்கற கட்டில் இல்ல, அளவு குறைச்சு செஞ்சிருக்காங்க” என்று. அறை பெரிதாகத் தெரியத்தான். கட்டி முடியாத வீட்டுக்கு விலையோடு 5 சதவீதம் ஜிஎஸ்டி. முடிவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு அது கிடையாது. தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டதற்கு, “லாரி அரேஞ்ச்மெண்ட் பக்காவா இருக்கு சார்” என்றார் விற்பனைப் பையன். 2019 கோடையில் வேளச்சேரியில் லாரிக்காக ராத்திரி பதினோரு மணிக்குக் குடத்தோடு நின்றவனிடம் அந்த ‘பக்கா’ செல்லவில்லை. கீழே வந்துவிட்டோம்.

வக்கீல் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முழுத் தேடலில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான பணம் அவருக்குக் கொடுத்ததுதான். பல்லாவரத்தில் ஒரு மூன்றாம் மாடி வீடு. நல்ல காற்று, விலையும் படிந்துவிட்டது, ஐம்பதாயிரம் டோக்கனும் கொடுத்தாயிற்று. வக்கீல் வரைபட அனுமதியை விரித்து வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “தம்பி, நீங்க பார்த்துட்டு வந்த வீடு மாடியில இருக்கு. காகிதத்துல இல்லையே” என்றார். அனுமதி வாங்கியது ஸ்டில்ட்டும் (கீழே வண்டி நிறுத்தும் தூண் தளம்) இரண்டு மாடியும். மூன்றாவது மாடி பில்டரின் தாராள மனசு. டோக்கன் திரும்பி வர நான்கு மாதமும் இருபது போன் அழைப்பும் ஆயிற்று.

இன்னொரு இடத்தில் முப்பது வருட வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. பதிவுத்துறை இணையதளத்திலேயே வில்லங்கம் பார்க்கலாம், நானே பார்த்து வைத்திருந்தேன். வக்கீல் அதோடு விடாமல் வாரிசுச் சான்றைக் கேட்டார். அதில் ஒரு மகளின் பெயர் இருந்தது, விற்கிறவர்களின் பாகப்பிரிவினையில் அவள் கையெழுத்து இல்லை. “அக்கா ஒண்ணும் சொல்லமாட்டா” என்றார் தம்பி. அக்காவே வந்து சொல்லட்டும் என்றார் வக்கீல். அக்கா வரவில்லை. வில்லங்கச் சான்று பதிவானதை மட்டும்தான் காட்டும், பதிவாகாத மனஸ்தாபத்தைக் காட்டாது என்பது அன்று புரிந்தது.

2021 நவம்பரில் பெய்தது 2015க்குப் பிறகு நான் பார்த்த பெரிய மழை. மழை விட்ட மறுநாள், பட்டியலில் மீதமிருந்த ஏழு வீடுகளின் தெருக்களுக்கும் ஸ்கூட்டரில் போய் வந்தேன். நான்கு தெருவுக்குள் வண்டி நுழையவே முடியவில்லை. அந்த நான்கையும் அழித்தேன். ‘ஃப்ளட் ஃப்ரீ ஏரியா’ என்று போட்டிருந்த வீட்டின் வாசலில் நாற்காலி மிதந்தது. குரோம்பேட்டை வீட்டுத் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்த அண்ணனிடம் கேட்டேன். “2015ல இந்த முனை வரைக்கும் வந்துச்சு சார். உள்ள நாலாவது வீடு வரைக்கும் கணுக்கால். அதுக்கு மேல மேடு.” சொல்லிவிட்டு, “மேல் தளத்துல வாங்குங்க, ஆனா மோட்டர் எங்க இருக்குன்னு பாருங்க” என்றார். எந்தத் தரகரும் சொல்லாத யோசனை. எங்கள் கட்டடம் ஏழாவது, மோட்டாரும் மின்பலகையும் இடுப்பு உயரத் திட்டின்மேல் இருந்தன.

விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மகளோடு கோயம்புத்தூருக்குப் போகிறவர். 66 கேட்டார், 62க்கு இறங்கினார். முழுவதையும் பத்திரத்தில் காட்டலாம் என்று அவரே சொன்னது பெரிய நிம்மதி. அதற்கு முன் மூன்று இடத்தில் “பாதி கருப்பு” என்றதால்தான் பேச்சு முறிந்தது. ஒரே ஒரு சலசலப்பு வந்தது. 50 லட்சத்துக்குக் குறையாத சொத்து என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். அதைக் கடைசி வாரம்தான் சொன்னேன். “ஏன் 62,000 குறையுது? நான் அரசாங்க ஊழியனா இருந்தவன், எனக்கே வரி சொல்லித் தரீங்களா?” என்று கோபப்பட்டார். நியாயமான கோபம். முதல் பேச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பணம் எங்கே உதைத்தது என்றால் வங்கி மதிப்பீட்டில். நாங்கள் 62 கொடுக்கிறோம், வங்கியின் மதிப்பீட்டாளர் பன்னிரண்டு வருடக் கட்டடத்துக்கு 57தான் போட்டார். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆக எங்களுக்குக் கிடைத்தது 45. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4 என்று அன்றைக்கு மொத்தம் 11 சதவீதம். 6 லட்சத்து 82 ஆயிரம். வங்கி அதற்குக் கடன் தராது. தரகு, வக்கீல், பெயிண்ட் எல்லாம் சேர்த்தால் கையிலிருந்து 25 லட்சத்துக்கு மேல். பி.எஃப். எடுத்தோம், நகை அடகுக்குப் போனது, மச்சான் இரண்டு லட்சம் கைமாற்று கொடுத்தான். 50 லட்சம் பட்ஜெட் என்று கிளம்பிய இருவர் 70 லட்சத்தில் வந்து நின்றோம். 2022 ஏப்ரலில் பதிவு. அடுத்த ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். கூடவே, பதிவுக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச விலையான வழிகாட்டி மதிப்பையும் ஏற்றியதால், வயிற்றெரிச்சல் படுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை.

வட்டி பற்றி நான் போட்ட கணக்கு முழுக்கத் தப்பு. 6.9 சதவீதத்தில் 20 வருடம், மாதம் 34,619 ரூபாய். பதிவு முடிந்த அடுத்த மாதமே ரெப்போ ஏறத் தொடங்கியது. 2023 பிப்ரவரிக்குள் இரண்டரை சதவீதம் ஏறி என் வட்டி 9.4. அந்த விகிதத்தில் வட்டி மட்டுமே கிட்டத்தட்ட முழு இஎம்ஐயை விழுங்கியது, அசல் அசையவில்லை. வங்கியிலிருந்து கூப்பிட்டு மாதம் 41 ஆயிரம் ஆக்கினார்கள். அந்த இரண்டு வருடம் வீட்டில் எதுவும் மாறவில்லை, திரைச்சீலைகூட வேளச்சேரியிலிருந்து கொண்டுவந்ததுதான். 2025இல் ரெப்போ இறங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. இஎம்ஐயைக் குறைக்கவா என்று கேட்டார்கள், அப்படியே இருக்கட்டும், அசல் கரையட்டும் என்றுவிட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெருங்குடியெல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. எங்கள் பழைய வாடகை வீட்டின் தரைத்தளம் முழுகியது. இங்கே தெருமுனையில் முழங்கால், எங்கள் வாசலில் பாதம் நனைகிற அளவு. மின்சாரம் இரண்டு நாள் இல்லை, மோட்டார் பிழைத்தது. மூன்றாம் நாள் போய் இஸ்திரி அண்ணனிடம் சொன்னேன். “நான்தான் சொன்னேனே” என்றுவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

குறைகளும் உண்டு. நாங்கள் இந்த வீட்டை ஐந்து முறை பார்த்தோம், ஐந்தும் ஞாயிறு காலை. படுக்கையறை மேற்கு பார்த்தது என்று தெரியும், மே மாதம் மாலை நாலு மணிக்கு அந்தச் சுவரில் கைவைத்தால் எப்படி இருக்கும் என்று தெரியாது. தோசைக்கல் மாதிரி இருக்கும். மாமியார் வாஸ்துவுக்காகச் சமையலறையை மட்டும் மூன்று முறை சரிபார்த்தார், சூரியனை நாங்கள் யாரும் சரிபார்க்கவில்லை. ஹாலை அங்குலம் அங்குலமாக அளந்தவன் கார் நிறுத்துமிடத்தை அளக்கவில்லை. இரண்டு தூணுக்கு நடுவே நிறுத்தினால் ஓட்டுநர் பக்கக் கதவு முக்கால்வாசிதான் திறக்கும். நான் வயிற்றை எக்கிக்கொண்டு இறங்கப் பழகிவிட்டேன். போர்வெல் தண்ணீர் கடினம், ஹீட்டர் இரண்டு முறை மாற்றியாயிற்று. மே, ஜூனில் லாரி வாங்காமல் முடிவதில்லை. அசோசியேஷனில் பன்னிரண்டு வீட்டுக்குப் பதினான்கு கருத்து. மொட்டைமாடிக்கு நீர்க்கசிவு தடுப்பு பூசுவதா என்று ஒன்றரை வருடம் பேசினோம், அதற்குள் மேல்மாடிக்காரர் கூரையில் சிமெண்ட் பெயர்ந்துவிட்டது.

மின்சார ரயில் சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று தேடும்போது பயந்தோம். மூன்றாம் வாரத்திலேயே காது மறந்துவிட்டது. நடந்து ஸ்டேஷனுக்குப் போகும் எட்டு நிமிடம்தான் இந்த வீட்டில் எனக்குப் பிடித்த அம்சம் என்று இப்போது சொல்வேன். அதற்காகத் தேடவே இல்லை.

சென்ற மாதம் கீழ்வீடு 81 லட்சத்துக்குப் போனது. கேட்டதும் ஒரு நிமிடம் பணக்காரன் ஆனதுபோல் இருந்தது. சரி, இதை விற்றுவிட்டு மூன்று படுக்கையறை வீடு பார்க்கலாமா என்று மனைவி கேட்டாள். பார்த்தோம். அதெல்லாம் ஒன்றேகால் கோடிக்கு ஏறி உட்கார்ந்திருக்கிறது. வீடு தேடும் செயலியை மூடி வைத்தோம்.

இப்போது அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பையன் ஒருவன் வீடு தேட ஆரம்பித்திருக்கிறான். பம்மலில் ஒன்று பிடித்திருக்கிறதாம், இன்னொரு பார்ட்டி ரெடியாக நிற்கிறானாம். “அண்ணே, ஞாயித்துக்கிழமை காலைல வந்து ஒரு பார்வை பார்க்கறீங்களா?” என்றான். காலையில் வேண்டாம்டா, மூன்றரை மணிக்கு வருகிறேன், டேப் என்னிடமே இருக்கிறது என்றேன்.